ஆறு தைலக் குப்பி, ஒரு டிஃப்யூசர், ஊட்டிக் கடைத் தைலம்: வீட்டில் பயன்படுத்திப் பார்த்த பிறகு

தைல வாசனையை அறையில் பரப்பும் டிஃப்யூசர் மெஷினும் ஆறு வாசனைத் தைலக் குப்பிகளும் சேர்ந்த பரிசுப் பெட்டி இப்போது எல்லா இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. கிரகப்பிரவேசம், பிறந்தநாள், தீபாவளி என்று எதற்கெடுத்தாலும் அதையே வாங்கிக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் தம்பி மூலமாக அப்படி ஒன்று வந்தது. அதோடு, ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் நான் வாங்கி வரும் தைலங்களும் வீட்டில் இருக்கின்றன. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எனக்குத் தெளிவான முடிவு கிடைத்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வந்த மெஷின் நல்ல மெஷின். அதோடு வந்த ஆறு குப்பியில் நான்கு தைலமே இல்லை, வெறும் சென்ட். வீட்டுக்கு வாசனைத் தைலம் வேண்டும் என்றால் மெஷினைத் தனியாக வாங்குங்கள், தைலத்தை விஷயம் தெரிந்த கடையில் வாங்குங்கள், மூன்று வகைக்கு மேல் வாங்காதீர்கள்.

முதலில் மெஷின். 300 மில்லி தண்ணீர் பிடிக்கும், மரம் போல நிறம் அடித்த பிளாஸ்டிக் குடுவை. மேல்மூடியைத் தூக்கினால் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பீங்கான் தட்டு தெரியும். மின்சாரம் பாய்ந்தால் அந்தத் தட்டு நம் காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரும், அந்த அதிர்வில் தண்ணீர் மிக நுண்ணிய துளிகளாக உடைந்து, உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் தள்ளிவிட வெள்ளைப் புகை மாதிரி வெளியே வரும். இதில் சூடு கிடையாது, அதனால் குழந்தை கை வைத்தாலும் சுடாது. மெழுகுவர்த்தி வைத்து எண்ணெயைச் சூடாக்கும் பீங்கான் பர்னரை விட எனக்கு இது பிடித்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். தண்ணீர் தீர்ந்தால் தானாக நின்றுவிடுகிறது. கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாது, திரும்ப பட்டனை அழுத்த வேண்டும். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கலாம், எனக்கு நிம்மதி, ஏனென்றால் ஆள் இல்லாத அறையில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் கவனம் தேவை. கோவையில் எங்கள் வீட்டுக்கு சிறுவாணி வரும் நாளில் ஒரு பிரச்சினையும் இல்லை. போர் தண்ணீரை ஊற்றிய நாளில், மெஷின் வைத்த மேசை முழுக்க சுண்ணாம்புத் தூள் போல மெல்லிய வெள்ளைப் படிவு, டிவி திரையிலும் அதே. மெஷின் தண்ணீரை ஆவியாக்குவதில்லை, துளியாகத்தான் உடைக்கிறது, அதனால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் கூடவே காற்றில் பறந்து வந்து படிகிறது. மேசையில் படிவது நம் மூச்சிலும்தானே போகும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியோடு வந்த கையேட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றலாம் என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள், தமிழ்நாட்டில் பாதி ஊர்களின் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதியது போலத் தெரியவில்லை.

அதே கையேடு ஒரு முறைக்கு 10 முதல் 15 சொட்டு விடச் சொல்கிறது. இது ரொம்பவே அதிகம். பத்துக்குப் பத்து படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு 15 சொட்டு விட்டால் தலைவலி வரும், கண் எரியும். 100 மில்லி தண்ணீருக்கு மூன்று சொட்டு போதும், ஹாலுக்கு வேண்டுமானால் ஐந்து. அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள், ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். சற்று நேரத்தில் மூக்குக்கு வாசனை பழகிவிடும், வாசம் போய்விட்டது என்று நினைத்து மேலும் மேலும் சொட்டு விடுவோம். வெளியே போய் வந்து மோந்து பார்த்தால்தான் அறையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

ஓட்டி முடித்ததும் மீதித் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். வாரம் ஒரு தடவை காதுகுடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டு அந்தப் பீங்கான் தட்டைத் துடைத்தால் புகை குறையாமல் வரும். தண்ணீரைத் தேங்க விட்டால் வழுவழுப்பாகப் பாசி மாதிரி படியும், அடுத்த நாள் பட்டனைத் தட்டினால் அதையும் சேர்த்துக் காற்றில் தெளிக்கும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2021இல் அமெரிக்காவில் வால்மார்ட் கடைகளில் விற்ற, இந்தியாவில் தயாரான லாவெண்டர் - கெமோமில் அறை ஸ்பிரே ஒன்றில் மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு நோய் வந்து, இரண்டு பேர் இறந்துபோனார்கள், கிட்டத்தட்ட 3,900 குப்பிகளைத் திரும்பப் பெற்றார்கள். வாசனைத் தைலம் கலந்துவிட்டால் அது தானே கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பித் தண்ணீரில் கலந்து மாதக்கணக்கில் ஸ்பிரே பாட்டிலில் வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வீட்டில் ஸ்பிரே செய்வதானால் அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள்.

சரி, பெட்டியில் வந்த குப்பிகளுக்கு வருவோம். லாவெண்டர், டீ ட்ரீ (தேயிலை அல்ல, ஆஸ்திரேலிய மரம் ஒன்று), லெமன்கிராஸ், ரோஸ், ஜாஸ்மின், சாண்டல். ஒவ்வொன்றும் 10 மில்லி. ஆறிலும் தங்க எழுத்தில் நூறு சதவீதம் சுத்தம் என்று போட்டிருக்கிறது. செடியின் தாவரவியல் பெயர் டீ ட்ரீயிலும் லெமன்கிராஸிலும் மட்டும்தான் இருக்கிறது. எந்த நாட்டில் விளைந்தது, எப்படி எடுத்தது, பேட்ச் எண் என்ன, ஒன்றும் இல்லை.

ஜாஸ்மினை மட்டும் எடுத்துக்கொள்வோம், அதுதான் நமக்கு நன்றாகத் தெரிந்த பூ. மல்லிகையைக் காய்ச்சி வடித்துத் தைலம் எடுக்க முடியாது, அந்தச் சூட்டில் அதன் மணமே கெட்டுவிடும். ஹெக்ஸேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, மெழுகு போன்ற கான்கிரீட் என்ற பொருளை முதலில் எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவிப் பிரித்தால்தான் அப்சல்யூட் என்ற மணச்சாறு வரும். சத்தியமங்கலம், கோவைப் பக்கம் இதற்கான ஆலைகள் இருக்கின்றன. பூ மார்க்கெட்டில் விலை விழும்போது விவசாயிகள் சென்ட் ஃபேக்டரிக்குப் பூ அனுப்புகிறார்கள் என்று செய்தி வருமே, அது இந்த ஆலைகளுக்குத்தான். ஒரு டன் பூவைப் போட்டால் கடைசியில் கையில் நிற்பது ஒன்றிரண்டு கிலோ. ஒரு டன் மல்லிகைக்கு என்ன விலை என்று பூ வாங்குகிற யாருக்கும் தெரியும். அப்படியிருக்க ஒரு பெட்டிக்குள் ஆறில் ஒன்றாக, இருநூறு ரூபாய்க் கணக்கில், மல்லிகைத் தைலம் எப்படி வரும்?

ரோஜாவும் அப்படித்தான். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று முதல் ஐந்து டன் பூ வேண்டும். சந்தனத் தைலத்துக்கு விலையே சொல்ல வேண்டாம், கிலோ லட்ச ரூபாயைத் தாண்டியது, அசல் சந்தனத் தைலம் 10 மில்லி என்றால் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். மைசூரில் அரசு சந்தன எண்ணெய் ஆலை 1916இல் தொடங்கிய காலத்திலிருந்தே அது பணக்காரச் சரக்கு. ஆக, பெட்டியில் இருந்த ரோஸும் ஜாஸ்மினும் சாண்டலும் ரசாயன வாசனை கலந்த எண்ணெய்கள், இதை மோந்து பார்க்காமலே சொல்லலாம். மோந்தும் பார்த்தேன். ஜாஸ்மின் குப்பி, டாக்சியில் தொங்கவிடும் வாசனை அட்டையின் நெடி. ஒரு வெள்ளைத் தாளில் ஆறிலும் ஒவ்வொரு சொட்டு வைத்து மின்விசிறியின் கீழ் விட்டேன். டீ ட்ரீயும் லெமன்கிராஸும் மறுநாள் காலையில் தடமே தெரியாமல் பறந்துவிட்டன. ஜாஸ்மினும் ரோஸும் அப்பளம் பொரித்து வைத்த தாள் போல எண்ணெய்க் கறையாக நின்றன, லாவெண்டரைச் சுற்றியும் லேசான வளையம். அசல் சந்தனமும் வெட்டிவேரும் கனமான தைலங்கள், அவையும் மெதுவாகத்தான் போகும், அதனால் அவற்றுக்கு இந்தத் தாள் சோதனை சரிவராது. ஆனால் லாவெண்டருக்குச் சரிவரும். காய்ச்சி வடித்த லாவெண்டர் கறை வைக்கக் கூடாது.

விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஜிசி-எம்எஸ் அறிக்கை, அதாவது தைலத்தில் என்னென்ன வேதிப்பொருள் எத்தனை சதவீதம் என்று காட்டும் பரிசோதனைத் தாள், இந்த பேட்சுக்கு இருந்தால் அனுப்புங்கள் என்றேன். நான்கு நாள் கழித்து, எங்கள் பொருள் நூறு சதவீதம் இயற்கையானது என்று லெட்டர்பேடில் அச்சடித்த ஒரு தாளும், அடுத்த வாங்கலுக்குத் தள்ளுபடி கூப்பனும் வந்தன. அறிக்கை வரவில்லை. நல்ல வியாபாரிகள் இதைக் கேட்பதற்கு முன்பே தங்கள் தளத்தில் போட்டு வைக்கிறார்கள், எனவே கேட்டும் தராதவரிடம் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இப்போது ஊட்டிக் கடை. சேரிங் கிராஸ் பக்கமும் மார்க்கெட் பக்கமும் தைலக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், தேயிலைத்தூள் எல்லாவற்றோடும் சேர்த்துத் தைலமும் விற்கிற கடைகள்தான் அதிகம். நான் போவது தைலம் மட்டுமே விற்கிற ஒரு பழைய கடை. பெயரைச் சொல்லி ஒரு கடையை மட்டும் தூக்கிப் பிடிப்பதைவிட, எந்தக் கடையானாலும் எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்வதுதான் உங்களுக்குப் பயன்படும். அங்கே அலங்காரமெல்லாம் கிடையாது. பின்னால் தகர டின்கள், முன்னால் ஒரு அலுமினியப் புனல், பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பிகள். கேட்டால் கண் முன்னாலேயே ஊற்றிக் கொடுக்கிறார். போன முறை நான் யூக்கலிப்டஸ் கேட்டதும் அவர் இரண்டு குப்பிகளை எடுத்து வைத்து, "இது நம்ம மலையில காய்ச்சினதுக்கா, இது வெளியூர் சரக்கு, சளிக்கு ரெண்டும் ஒண்ணுதான், வாசனை வேற, மோந்து பாருங்க" என்றார். விலை குறைந்ததை வெளியூர்ச் சரக்கு என்று தானாகச் சொல்கிற கடைக்காரர், எனக்கு அது போதும்.

இரண்டையும் மோந்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. வெளியூர்ச் சரக்கு ஒரே நெடி, சுத்தமாக, கூர்மையாக, மூக்குக்குள் நேராக ஏறும். மலையில் காய்ச்சியதில் அந்தக் கூர்மைக்குப் பின்னால் பச்சை இலை கசங்கிய வாடையும் கொஞ்சம் மண் வாடையும் இருக்கும், நிறமும் லேசான மஞ்சள். உலகச் சந்தையில் விற்கும் யூக்கலிப்டஸ் தைலத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது, அதில் ஒரு பகுதி யூக்கலிப்டஸ் மரத்திலிருந்தே வருவதில்லை, சினியோல் அதிகமுள்ள கற்பூர வகை மரங்களிலிருந்து எடுப்பது. சினியோல்தான் இந்தத் தைலத்தின் உயிர், எந்த மரத்திலிருந்து வந்தாலும் மூக்கில் ஏறுவது அதுதான். அதனால் சளிக்கு இரண்டும் ஒன்று என்று கடைக்காரர் சொன்னது சரியான பேச்சு.

நீலகிரியில் யூக்கலிப்டஸையே கற்பூர மரம் என்பார்கள். இது இந்த மண்ணின் மரமே அல்ல. 1843இல் கேப்டன் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் ஆஸ்திரேலிய நீல யூக்கலிப்டஸை இங்கே கொண்டுவந்து நட்டார். மலையில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கும் பட்டாளத்துக்கும் விறகு வேண்டியிருந்தது, சோலைக்காடுகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள், வேகமாக வளரும் மரம் என்று இதைப் பிடித்துக்கொண்டார்கள். விறகுக்கு வந்த மரத்தின் உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளித் தைலம் காய்ச்சும் தொழில் பின்னால் வளர்ந்தது. சாலையோரமாகத் தகரக் கொட்டகையில் பெரிய பீப்பாய் இருக்கும், இலையைத் திணித்து அடியில் தண்ணீர் விட்டு விறகு எரிப்பார்கள், மேலே கிளம்பும் நீராவி குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் நுழைந்து திரும்பத் தண்ணீராகும்போது தைலம் தனியாகப் பிரிந்து மேலே மிதக்கும், அதை வழித்து எடுப்பார்கள். தண்ணீரைக் குடித்துக் காட்டை மாற்றிவிட்ட அன்னிய மரம் என்று இதை அகற்றும் பேச்சு இன்று நடப்பதும் நியாயமே. மலைக்குச் சோலையும் புல்வெளியும்தான் திரும்ப வேண்டும் என்பது என் விருப்பம், தைலம் கொஞ்சம் விலை ஏறினாலும் பரவாயில்லை.

அதே கடையில் விண்டர்கிரீன் தைலமும் இருக்கும். மூட்டு வலிக்கு என்று சுற்றுலா வந்தவர்கள் எல்லாரும் வாங்கிப் போவார்கள், அயோடெக்ஸ், மூவ் பூசும்போது வருமே அந்த வாசனை. இது அநேகமாக முழுக்க முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் யூக்கலிப்டஸ் ஒரு சொட்டு விடுங்கள், மேலே மிதக்கும். விண்டர்கிரீன் ஒரு சொட்டு விட்டால் முத்து மாதிரி உருண்டு நேராக அடிக்குப் போகும், தண்ணீரை விடக் கனம். மிதந்தால் கலப்படம் என்று கடைக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இந்தத் தைலத்தை டிஃப்யூசரில் விடவே விடாதீர்கள், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வாங்கவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். ஒரு டீஸ்பூன் விண்டர்கிரீனில் இருக்கும் சாலிசிலேட், 20க்கும் மேற்பட்ட சாதாரண ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். தவழும் குழந்தை திறந்த குப்பியை ஒரு வாய் சப்பினால் உயிருக்கே ஆபத்து. வாசனையோ மிட்டாய் மாதிரி இனிப்பாக இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் தோலில் தேய்ப்பதும் ஆபத்து, தோல் வழியாகவே உள்ளே போய் மருந்தின் வேகத்தைக் கூட்டும். இவ்வளவு வீரியமான பொருளைச் சொட்டு மூடிகூட இல்லாத குப்பியில், எச்சரிக்கை வாசகம் ஒன்றும் இல்லாமல் விற்கிறார்கள் என்பதுதான் ஊட்டிக் கடைகள் மேல் எனக்குள்ள பெரிய குறை. நான் போகும் கடையிலும் அப்படித்தான். கேட்டால் சொட்டு மூடி போட்ட குப்பியில் மாற்றித் தருகிறார், ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது.

யூக்கலிப்டஸும் குழந்தைகளிடம் விளையாட்டுப் பொருள் அல்ல. விழுங்கினால் சில மில்லியிலேயே வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மூக்கடைப்பு என்று மூக்கருகில் தைலமோ கற்பூரமோ பெப்பர்மின்ட்டோ தடவும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய, அது மூச்சுக்குழலை இறுகச் செய்யக்கூடியது. சொல்கிற பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், குப்பியை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் யூக்கலிப்டஸும் கற்பூரமும் வேண்டாம், லாவெண்டர் போன்ற மென்மையானதும் டாக்டரிடம் கேட்ட பிறகு போதும். என் மாமியாருக்கு வீசிங் உண்டு. லெமன்கிராஸ் ஓடினால் அவர் ஒன்றும் சொல்வதில்லை, பெட்டியில் வந்த ரோஸ் குப்பியை ஓட்டிய அன்று இருமத் தொடங்கிவிட்டார், "அதை நிறுத்தும்மா, தொண்டை அரிக்குது" என்றார். நிறுத்தி ஜன்னலைத் திறந்தோம், ரோஸ் குப்பி அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சுத்தமான தைலமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், பக்கத்தில் அவர்களை வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீயை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், பூனையின் கல்லீரலால் இந்தப் பொருள்களைச் சரிவர உடைத்து வெளியேற்ற முடியாது.

எதற்கெல்லாம் உண்மையில் பயன்பட்டது என்று கேட்டால், எங்கள் வீட்டில் முதல் இடம் லெமன்கிராஸுக்குத்தான். மலையாளத்தில் புல்தைலம் என்பார்கள், கேரளத்தில் நெடுங்காலமாகக் காய்ச்சும் தைலம், கொச்சின் ஆயில் என்ற பெயரில் கப்பலேறியது, பெரும்பாவூர்ப் பக்கம் ஓடக்காலியில் இதற்கென்றே தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முக்கால் பங்கு சிட்ரால், அதுதான் அந்த எலுமிச்சை வாசம். ஐப்பசி மழையில் துணி காயாமல் வீடு முழுக்க ஈர வாடை அடிக்கும்போது மூன்று சொட்டு விட்டால் கால் மணி நேரத்தில் வீட்டின் முகமே மாறிவிடும். வீடு துடைக்கும் வாளியில் ஐந்தாறு சொட்டு விட்டாலும் நல்ல வாசம். அப்படியே தோலில் பட்டால் எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் மல்லிகை, ரோஜாவோடு ஒப்பிட்டால் இது மிகச் சல்லிசு, அதனால் இதில் கலப்படம் செய்ய யாருக்கும் பெரிதாக ஆசை வருவதில்லை. பெட்டியில் வந்த ஆறில் நான் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தியதும் இதைத்தான்.

கொசுவுக்கு என்று லெமன்கிராஸையும் சிட்ரோநெல்லாவையும் விற்கிறார்கள். கொஞ்ச நேரம் விலகி நிற்கும், அவ்வளவுதான், சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் விடிய விடியக் காக்காது. டெங்கு நேரத்தில் இதை நம்பிக் கொசுவலையைச் சுருட்டி வைப்பது தவறு.

யூக்கலிப்டஸை நான் டிஃப்யூசரில் அதிகம் விடுவதில்லை, ஆவி பிடிக்கத்தான். அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்ட வெந்நீரில் இரண்டே சொட்டு, கண்ணை மூடிக்கொண்டு. மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அந்த உணர்வு நிஜம், ஆனால் அளந்து பார்த்த ஆய்வுகளில் மூக்கின் காற்றோட்டம் பெரிதாகக் கூடவில்லை, குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தட்டுவதால்தான் அப்படித் தோன்றுகிறது. தூக்கம் வரும் அளவுக்கு அது போதும் என்பதால் நான் விடவில்லை. நொச்சி இலை கிடைத்தால் அதுவே இன்னும் நல்லது என்பார் மாமியார், நொச்சி கிடைக்கிற நாளில் நானும் தைலத்தை எடுப்பதில்லை.

மூன்றாவது, லாவெண்டர். பெட்டிக் குப்பி போன பிறகு ஜம்மு காஷ்மீர் லாவெண்டர் ஒரு குப்பி தனியாக வாங்கினேன். ஜம்முவில் தோடா மாவட்டத்து பதர்வாவில் மக்காச்சோளம் போட்ட விவசாயிகள் பலர், மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் 2016இல் தொடங்கிய அரோமா மிஷன் வழியாக லாவெண்டருக்கு மாறியிருக்கிறார்கள். குப்பியில் தாவரப் பெயர், ஊர், அறுவடை ஆண்டு எல்லாம் இருந்தது, தளத்தில் பரிசோதனைத் தாளும் இருந்தது. விலை பெட்டியின் விலையில் பாதி. வாசனை சோப்பு மாதிரி இல்லை, முதலில் பச்சையாக, கொஞ்சம் மூலிகைத்தனமாக, பிறகுதான் இனிப்பு தெரியும். படுக்கப் போவதற்கு முன் அரை மணி நேரம் ஓட்டி அணைத்துவிடுவேன். படுத்ததும் மனம் இளகுகிறது. இதைத் தூக்கமின்மைக்கு மருந்து என்று சொல்ல மாட்டேன். லாவெண்டர் மோப்பம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சின்னச் சின்னவை, மறதி நோய்க்கு வாசனை சிகிச்சை உதவுமா என்று 2020இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு அதுவரை இருந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது உறுதியாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அதனால் பதற்றம், மைக்ரேன், தைராய்டு, சர்க்கரை என்று எல்லாவற்றுக்கும் ஒரு குப்பி என்று பட்டியல் போட்டு விற்பவர்களிடம் விலகி நில்லுங்கள். மருந்து சாப்பிடுகிறவர் மருந்தை விட்டுவிட்டு வாசனையை நம்பினால் நஷ்டம் அவருக்குத்தான். தைலத்தைத் தண்ணீரில் விட்டுக் குடிக்கச் சொல்லும் வீடியோக்களும் வருகின்றன, தயவுசெய்து வேண்டாம்.

வாங்கிய பிறகு வெயில் படாத இடத்தில் வையுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, டீ ட்ரீ போன்றவை காற்றுப் பட்டால் கெட்டுப்போகும், கெட்ட தைலம் தோலில் அரிப்பை உண்டாக்கும். திறந்த தேதியைக் குப்பியில் எழுதி ஒட்டினால் ஒரு வருடம் ஆனதும் கண்ணில் படும். பெரிய குப்பி மலிவு என்று 100 மில்லி வாங்குவதில் அர்த்தமில்லை, நான் சொன்ன அளவில் விட்டால் 10 மில்லியே பல மாதம் வரும்.

மெஷினே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரு கிண்ணம் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஹாலின் மூலையில் வைத்தால் சின்ன வீட்டுக்குப் போதும். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டு வெட்டிவேர் வாங்கி ஈரத்துணியில் சுற்றி மின்விசிறிக்கு எதிரே தொங்கவிட்டால் சித்திரை வெயிலுக்கு அதைவிட நல்ல வாசனை எனக்குத் தெரியாது, தைலச் செலவும் இல்லை.

மொத்தத்தில் மெஷினுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், சுத்தம் செய்ய அடிக்கடி நேரம் ஒதுக்க வேண்டியிருப்பதால் ஒன்று குறைத்தேன். பெட்டியில் வந்த தைலங்களுக்கு ஒன்று, அதுவும் லெமன்கிராஸுக்காக. ஊட்டிக் கடைக்கு நான்கு, எச்சரிக்கை வாசகமும் சொட்டு மூடியும் போட ஆரம்பித்தால் ஐந்து. ஊட்டிக்குப் போகிறவர்கள் கண்ணாடிக் குப்பியில்தான் வாங்க வேண்டும், மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தைலம் சில பிளாஸ்டிக்கை அரித்துவிடும். மூடியை இறுக்கி மேலே டேப் சுற்றி, குப்பியை நிமிர்த்தி வைத்துக் கைப்பையில் கொண்டுவாருங்கள், துணிப் பையின் அடியில் போட்டால் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் பேருந்தில் எல்லாருக்கும் கண் எரியும்.